அம்மன் எல்லைக்குக் கீழே ஒரு பீடி

கொல்லிமலை
வைகாசி, 2003

அன்பு மகன் தனபாலுக்கு உன் அம்மா பாவாயி எழுதறது. நீயும் உன் போர்வெல் வண்டியில இருக்கற பசங்களும் அந்த ராய்ப்பூர் வெயில்ல ஒரு கொறையும் இல்லாம இருக்கோணும்னு தெனமும் வெளக்கு வெக்கறப்ப கும்புட்டுக்கறேன் கண்ணு. இங்க நான் சொகம், உன் தங்கச்சி தேன்மொழி சொகம், செவலை மாடு போன வாரம் கிடேரிக் கன்னு போட்டுச்சு, அதுவும் சொகம். எல்லாரும் சொகம்னு ஒரே வரியில முடிச்சுடலாம்னுதான் காயிதத்தை எடுத்தேன், உங்கப்பாகிட்ட வந்ததும் பேனா நின்னுக்கிச்சு. சொகம்னு எழுதினா பொய்யி. சொகமில்லைன்னு மட்டும் எழுதினா நீ அங்க மெசினு பக்கத்துல மனசு கெட்டு நிப்ப, அதுவும் ஆபத்து. அதனால நடந்ததை நடந்தபடி எழுதறேன், என் வாயி உனக்குத் தெரியும், எழுத்தும் அப்படித்தான் இருக்கும். பாதியில மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்காம உக்காந்து முழுசாப் படி.

மழை ஒரு ஓட்டு உழவுக்குப் பேஞ்சிருக்குது, சாமை வெதைக்க நெலம் புழுதியாக் கெடக்குது. பலா இந்த வருசம் அடிமரத்துலருந்தே காய்ச்சுத் தொங்குது. லீவு விட்டதும் வாசலூர்பட்டி படகுத்துறைக்கு ஜனம் வந்து குமியுது, தேன்மொழி அன்னாசி அறுத்து மொளகாப்பொடி தூவி அங்க கொண்டு போயி விக்கறா. மொளகுதான் வயித்தெரிச்சல். சில்வர் ஓக்கு மரத்துல உச்சி வரைக்கும் கொடி ஏறிக் கொத்துக் கொத்தாக் காய்ச்சுது, பறிக்க ஆளில்லை. மீசை மொளைக்கறதுக்கு முந்தியே ஒத்தை மூங்கில் ஏணியைத் தோள்ல போட்டுக்கிட்டு மரத்துக்கு மரம் ஏறின மனுசன், இந்த மாசியில கொஞ்ச தூரம் ஏறறதுக்குள்ள கெண்டைக்காலைப் புடிச்சுக்கிட்டு எறங்கி உக்காந்துட்டாரு. கேட்டா பனியில நரம்பு இழுக்குதுங்கறாரு. கூலிக்குக் கூப்புட்டா அவனவன் அவனவன் தோட்டத்துல ஏறிக்கிட்டிருக்கான். பழுத்து உதுந்தது போக, குருவி தின்னது போக, மிச்சத்தையாச்சும் காப்பாத்தலாம்னு நான் சேலையை வரிஞ்சு கட்டிக்கிட்டு ஏறினேன். சின்னுசாமி பொண்டாட்டி மரமேறறான்னு வேடிக்கை பாக்கவே நாலு பேரு வந்து நின்னாங்க. உங்கப்பா கீழ நின்னுக்கிட்டு, அந்தக் கொத்தை விட்டுட்ட, இந்தக் கொடியை இழுக்காதன்னு மேஸ்திரி வேலை பாக்கறாரு. காதுல ஒரு பீடி சொருகி வெச்சிருக்காரு. பத்த வெக்காத பீடி. ஏன்னா அவருதான் சத்தியம் பண்ணினவராச்சே, காதுல வெச்சா சத்தியம் கெடாதாமா.

அந்த சத்தியத்தைப் பத்தி நீ தைப்பொங்கலுக்கு வந்தப்ப நானே வாயெல்லாம் பல்லாச் சொன்னேன். கார்த்திகையில இருமலு தாங்க முடியாம, காலும் சில்லுன்னு மரத்துப் போவுதுன்னு பயந்துபோயி, எட்டுக்கையம்மன் கோயில்ல சூடம் ஏத்தி அதும் மேல கையடிச்சு, இனிமே இந்த மலையில பீடியை வாயில வெக்க மாட்டேன் தாயேன்னு சொன்னாரு. நான் பக்கத்துல நின்னு கண்ணுல தண்ணி விட்டேன், கூறு கெட்டவ. அம்மனுக்குப் பொங்க வெச்சேன், ஊருக்கெல்லாம் சோறு போட்டேன். அதுக்கப்புறம் ஊட்டுல பொகை இல்லை, தோட்டத்துல பொகை இல்லை, எனக்குத் தலைகால் புரியலை. ஆனா ஒண்ணு, அடிவாரத்துக் காரவள்ளிக்குப் போறதுன்னா வளைவுல கொமட்டுதுன்னு ஆயிரம் சாக்குச் சொல்ற மனுசனுக்குத் திடீர்னு கீழ வேலை மேல வேலை. மரவள்ளிக் கெழங்குக்கு என்ன வெலைன்னு கேக்கோணும்னு ஒரு நாளு, கொடுவாள் தட்டி வாங்கோணும்னு ஒரு நாளு, ஒண்ணுமில்லைன்னா சும்மா ஒரு நட போயிட்டு வாரேன்னு ஒரு நாளு. கூடவே நம்ம மேலத்தோட்டத்து செல்லமுத்துவும் பொறப்பட்டுருவான், அவனும் இவரைப் பாத்து அதே சூடத்துல சத்தியம் பண்ணினவன்தான். சாயங்காலம் வந்தா மேல நாத்தம் அடிக்கும். பஸ்சுல எவனோ குடிச்சான் பாவாயின்னு சொல்லுவாரு, நானும் நம்பித் தொலைச்சேன்.

மாசி கடைசியில நான் மொளகு மூட்டையோட சேந்தமங்கலம் போகலாம்னு அதே பஸ்சுல ஏறினேன். உங்கப்பாவும் செல்லமுத்துவும் பின்னாடி சீட்டுல தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க, நான் ஏறினதையே பாக்காத மாதிரி. கண்டக்டர் ராசு டிக்கெட்டு கிழிச்சுக்கிட்டே, ஏனுங்க அத்தை, இன்னிக்கு நீங்களும் மாமாகூட பீடி குடிக்க வாரீங்களான்னு கேக்கறான். பஸ்சே சிரிச்சுது. எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியலை. அத்தனை கொண்டை ஊசி வளைவும் எறங்கி அடிவாரத்துல வண்டி நின்னதும் பாக்கறேன், அர்த்தனாரி டீக்கடை பெஞ்சுல நம்ம மலைக்காரங்க ஒரு வரிசை. ஒண்ணு அணையறதுக்குள்ள அதுலயே அடுத்ததைப் பத்த வெச்சுக்கிட்டு, அடுத்த தடவை எறங்கற வரைக்கும் வேண்டியதை நெஞ்சுக்குள்ள ரொப்பிக்கற மாதிரி இழுக்கறாங்க. உங்கப்பா என்னைப் பாத்து ஓடவும் இல்லை ஒளியவும் இல்லை. நின்ன எடத்துலயே நின்னுக்கிட்டு, சத்தியத்துல ஒரு தப்பும் இல்லை பாவாயி, அம்மன் எல்லை மலையோட முடிஞ்சு போச்சு, இது காரவள்ளின்னு சொல்றாரு. அந்த நேரத்துல மூட்டைய எறக்கி வெச்சுட்டு நான் என்ன பேசினேன்னு எழுதினா தபால்காரரு இந்தக் கவரைத் தொட மாட்டாரு.

உடுவேனா. ஊர்ல பெரியவங்களைக் கூட்டிக் கேட்டுட்டேன். சாமிகிட்ட சொன்ன வார்த்தைக்கு இப்படி ஓட்டை வெக்கலாமாங்கன்னு கேட்டேன். அவங்களும் ரொம்ப நேரம் தாடையைத் தடவிக்கிட்டு யோசிச்சு, சாமிக்கு எல்லைன்னு ஒண்ணு உண்டு, எல்லை தாண்டி நடந்தது அம்மன் கணக்குல வராது, சின்னுசாமி சொன்ன சொல் தவறலைன்னு தீர்ப்பு சொல்லிட்டாங்க. சொல்லிட்டு எந்திரிச்சவங்கள்ல பாதிப் பேரு அடுத்த பஸ்சு எப்பன்னு ராசுகிட்ட கேட்டதை என் காதால கேட்டேன். நல்ல பெரியவங்க, நல்ல தீர்ப்பு. அம்மனுக்கே எல்லைக்கல்லு நட்டுக் குடுத்துட்டாங்க, ஆனா நெஞ்சுக்குள்ள போன பொகை எந்த எல்லையில எறங்கிக்குமாம்? அதை ஒருத்தரும் சொல்லலை. எனக்கு வந்த ஆத்திரத்துல, சரி, அம்மன் வேண்டாம், உங்க பையன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க, அவன் எந்த நாட்டுல இருந்தாலும் தலை தலைதான், அதுக்கு எல்லை கெடையாதுன்னு சொன்னேன். உங்கப்பா மூஞ்சி செத்துப் போச்சு. அவன் தலையை மட்டும் இதுல இழுக்காதன்னு ஒரே வார்த்தை, துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு மாட்டைப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. பாத்தியா, பெத்த பையனைவிடப் பீடி பெருசாப் போச்சுன்னு நான் தேன்மொழிகிட்டச் சொல்லிச் சொல்லிக் கரிச்சுக் கொட்டினேன்.

பங்குனியில எடது கால் கட்டைவிரலு கறுத்துப் போச்சு. கெழங்கு நோண்டறப்ப கடப்பாரை பட்டுருச்சுன்னாரு. நீ கேளு கண்ணு, வைத்தியம் நடந்துச்சு பாரு. நம்ம மலை மூலிகைக்குக் கீழ்நாட்டுக்காரன் வண்டி கட்டிக்கிட்டு வாரான், நம்ம ஊட்டுக்குள்ளயே வைத்தியசாலை நடந்துச்சு. அந்த இலை, இந்த வேரு, தேனைக் கொழச்சு ஒரு பத்து, எண்ணெயில வதக்கி ஒரு கட்டு. மலையில இருக்கற இலையெல்லாம் அரைச்சுக் கால்ல வெச்சாரு, வாயில இருக்கற இலையை மட்டும் எடுக்கலை. ஆமா, எல்லைக்குக் கீழயெல்லாம் இல்லை, அப்பவே அந்த வெக்கமும் போயிருச்சு, மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால நின்னு குடிச்சதை தேன்மொழி பாத்துட்டா. வெரலு அழுகி நாத்தம் ஆரம்பிச்சதும் நான் கத்தின கத்துல செல்லமுத்துவே பயந்து போயி ஜீப்பு கூட்டிக்கிட்டு வந்தான், சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டரு காலைத் தொட்டுப் பாத்துட்டு மொத கேள்வியே எத்தனை வருசமா பீடின்னுதான் கேட்டாரு. கால்ல ரத்தம் போற கொழாயெல்லாம் பீடிப் பொகையால அடைச்சுப் போச்சாமா, வெரலு செத்துப் போச்சு, எடுத்தே ஆகோணும், இதுக்கப்புறமும் குடிச்சீங்கன்னா அடுத்து பாதம், அதுக்கப்புறம் முழங்கால், நான் எடுத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான்னு சொல்லிட்டாரு. வெரலை எடுத்துட்டாங்க சாமி. உனக்குப் போன் பண்ணிச் சொல்லலாம்னா, அவன் பாதி வேலையில ஓடி வருவான், வேண்டாம்னு உங்கப்பா தடுத்துட்டாரு. அதனாலதான் ஒரு மாசம் கழிச்சு இந்தக் காயிதம். கட்டைவிரல் இல்லாம மூங்கில் ஏணி ஏற முடியாதுன்னு உனக்குச் சொல்லத் தேவையில்லை. நம்ம மொளகுக்கொடியில இனிமே உங்கப்பா ஏறப் போறதில்லை. அது போவட்டும், நடந்து தோட்டத்துக்குப் போறதாச்சும் நிக்கோணும், எனக்கு இப்ப இருக்கற பயமெல்லாம் அது ஒண்ணுதான்.

ஆஸ்பத்திரியை விட்டு அனுப்பறதுக்கு முந்தி, பீடி சிகரெட்டு விடறவங்களுக்குன்னே அங்க ஒரு ரூம் இருக்குது, அங்க போயிட்டு வாங்கன்னு அனுப்பினாங்க. பிரபாவதின்னு ஒரு அம்மா, உன்னைவிட நாலஞ்சு வயசு மூப்பு இருக்கும், சிரிச்ச மொகம். பீடி விடறதுக்கு ஒரு ரூமு, ஒரு மேசை, ஒரு பேனு, இதெல்லாம் எதுக்கு, எங்கிட்ட விட்டா ரெண்டு சாத்து சாத்தினா விட்டுருவாருன்னு சொன்னேன். நீங்க இத்தனை வருசமா சாத்தி விட்டாரான்னு அந்தம்மா திருப்பிக் கேட்டுது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துக்கிட்டேன். ஒரு நாளைக்கு எத்தனைங்கன்னு கேட்டா உங்கப்பா ரெண்டு மூணுதானுங்கம்மான்னு புளுகறாரு, கட்டுக்கட்டாத் தீத்தவரு. நான் சத்தியத்துக் கதையெல்லாம் போட்டு ஒடைச்சேன். அந்தம்மா சிரிக்கும்னு பாத்தேன், சிரிக்கலை. சாமிகிட்ட சொன்னீங்க சரி, மறுநாள் காலையில அந்த ஏக்கம் வந்தப்ப உங்க கூட யாரு இருந்தாங்கன்னு கேட்டுது. உங்கப்பா யோசிச்சுட்டு, யாரும் இல்லீங்க, செல்லமுத்து இருந்தான், அவனும் பஸ்சு எப்பன்னுதான் கேட்டான்னு சொன்னாரு. அதுதான் தப்பு, ஏக்கம் கொஞ்ச நேரந்தான் நிக்கும், அந்த நேரத்துக்கு ஒரு ஆளு பக்கத்துல இருந்துட்டா அது போயிரும், கோவம் வரும், தூக்கம் கெடும், ஊட்டுல இருக்கறவங்க அதைப் பெருசு பண்ணக் கூடாது, ஒரு நாள் தவறிட்டாலும் எல்லாம் போச்சுன்னு விட்டுறாம வந்து சொல்லுங்கன்னு பொறுமையாச் சொல்லுது. ஏச வேண்டாங்கம்மான்னு என்னைப் பாத்தும் சொல்லுச்சு. அது ஒண்ணுதான் எனக்குக் கஷ்டமான வைத்தியம்.

அப்புறம் கேட்டுது, ஊட்டுல வேற யாராச்சும் பீடி குடிக்கறாங்களான்னு. நான் நிமுந்து உக்காந்துக்கிட்டு, அதெல்லாம் இல்லீங்க, எனக்கு ஒரே பையன், வெளி மாநிலத்துல போர் வண்டியில வேலை பாக்கறான், வெத்தலை பாக்குக்கூடப் போட மாட்டான், தங்கம்னு சொன்னேன். தங்கம்னு சொன்னேன்டா. உங்கப்பா கட்டுப் போட்ட காலை இழுத்து உள்ள வெச்சுக்கிட்டு, இருக்கானுங்கம்மா, என் பையன் குடிக்கறான், அவன் பேரு தனபால்ன்னு சொன்னாரு. நீ தையில கெளம்பறப்ப உன்னை வழியனுப்பறேன்னு நொண்டிக்கிட்டே காரவள்ளி வரைக்கும் வந்தாரே, எம்மாம் பாசம்னு நானும் தேன்மொழியும் பேசிக்கிட்டோமே, அன்னிக்கு அர்த்தனாரி கடைக்குப் பின்னால நீ குடிச்சுக்கிட்டிருந்ததை அவரு பாத்துட்டாராம். நீ கீழ போடப் போனியாம். போடாத, பரவால்லைன்னு சொல்லிட்டு, அது அணைஞ்சு போச்சுன்னு தன் தீப்பெட்டியை எடுத்துத் தானே பத்த வெச்சுக் குடுத்தாராம். அப்பனும் மகனும் எதிர எதிர நின்னு குடிச்சீங்களாம். அவனுக்கு நான்தான் நெருப்புக் குடுத்தேனுங்கம்மா, அவன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணச் சொன்னப்ப எனக்குக் கையி வரலை, நான் தவறிருவேன்னு எனக்கே தெரியும், என் காலு போனாப் போவட்டும், அவன் காலுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுங்கம்மான்னு சொல்லிட்டு அழுதாரு. வெரலை எடுக்கறப்பக்கூட அழுவாத மனுசன். கரிச்சுக் கொட்டின நான் என் முந்தானையை எடுத்து அவரு கையில குடுத்தேன். அந்தம்மா அவரு பேருக்குக் கீழ உன் பேரையும் எழுதிக்கிச்சு.

இப்ப உனக்கு வாரேன். வெக்கமாயில்லையாடா உனக்கு? அப்பன் இருமற இருமலைக் கேட்டுக்கிட்டே வளந்தவன் நீ. பத்தாவது பரிச்சைக்குப் படிக்க முடியலை, அப்பாவைக் கொட்டாய்ல படுக்கச் சொல்லும்மான்னு எங்கிட்ட வந்து நின்னவன் நீ. வண்டியில எல்லாரும் குடிக்கறாங்க, மண்ணுத் தூசிக்கு நல்லது, ராவெல்லாம் மெசினு ஓட்டத் தூக்கம் வராதுன்னு நூறு நாயம் சொல்லுவ, உங்கப்பனும் அம்மன் எல்லைன்னு நாயம் சொன்னவருதான், உங்க ரெண்டு பேருக்கும் நாயத்துக்குப் பஞ்சமில்லை. பூமியில அத்தனை ஆழம் ஓட்டை போட்டுத் தண்ணி கண்டுபுடிக்கற பொழப்பு, சொந்த நெஞ்சுல ஓட்டை விழறது கண்ணுக்குத் தெரியலையாக்கும். சத்தியம் கித்தியம்னு எழுதி அனுப்பாத, இந்த ஊட்டுல சத்தியத்தைக் கண்டாலே எனக்குக் கொமட்டுது. ஒரு ஆளைப் புடி. உன் வண்டியில குடிக்காதவன் ஒருத்தனாச்சும் இருப்பான், அவன்கிட்ட வாயைத் தொறந்து, இன்னிக்கு விடறேன், கூட இருடான்னு சொல்லு. இல்லைன்னா அங்கயும் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும், கேட்டுப் போயி உக்காரு. உங்கப்பாவுக்கு நான் இருக்கேன், செல்லமுத்து இருக்கான். அந்த வெரலைப் பாத்ததுலருந்து அவனுக்கும் பீடியைக் கண்டாப் பயம், ரெண்டு பேரும் காலையில தோட்டத்து மேட்டுல உக்காந்து கிராம்பை மென்னுக்கிட்டு ஒருத்தனை ஒருத்தன் வைவாங்க, வைய வைய நேரம் போயிருது. அந்தம்மா குடுத்த மருந்து முட்டாயைப் போட்டுக்கிட்டு உங்கப்பா அசை போடறதைப் பாத்தாச் சிரிப்பு வரும், சிரிக்க மாட்டேன், ஏசக் கூடாதுன்னு இருக்குதே. ஒரு நாள் தாங்காம பஸ்சு ஏறப் போயிட்டாரு. ராசு, மாமா, அத்தை உத்தரவு இல்லாம உங்களுக்கு டிக்கெட்டு கெடையாதுன்னு எறக்கி விட்டுட்டான், வண்டியில இருந்த பொம்பளைங்களும் சேந்துக்கிட்டாங்க. கோவத்துல ரெண்டு நாளு சோத்துத் தட்டைத் தள்ளி விட்டாரு. அப்புறம் ஒரு தடவை கொட்டாய்ல ஒளிச்சு வெச்சிருந்ததைக் குடிச்சுட்டு, அவராவே வந்து, தவறிட்டேன் பாவாயின்னு சொன்னாரு. அந்த வார்த்தையை இத்தனை வருசத்துல நான் கேட்டதில்லை. நான் ஏசலை கண்ணு, ஒரு சொம்புத் தண்ணி குடுத்தேன். செம்மேட்டுப் போன் பூத்துக்குப் போயி அந்தம்மாவுக்குப் போனும் போட்டு அவரே சொன்னாரு.

ஆடியில காலைக் காட்ட மறுபடியும் சேலம் போகோணும். பாதம் நிக்குதா போகுதான்னு அன்னிக்குத்தான் டாக்டரு சொல்லுவாரு. நீ வா. முதலாளிகிட்ட என்ன சொல்லோணுமோ சொல்லு, திருவிழான்னு சொல்லு, அம்மாவுக்கு முடியலைன்னு வேணும்னாலும் சொல்லு, அந்தப் பொய்யை மட்டும் நான் மன்னிக்கறேன். அந்த ரூம்ல ரெண்டு நாற்காலி போட்டிருக்காங்க, உங்கப்பா பக்கத்துல நீ உக்காரோணும். சாப்பாட்டுல கொறை வெக்காத, ராத்திரி வேலையில தலைக்குத் துண்டு கட்டிக்க, தண்ணி நெறையக் குடி. தேன்மொழி உன்னை ரொம்பக் கேட்டதா எழுதச் சொன்னா. மலையில இருக்கற அம்மனும் நீ நிக்கற ஊர்ல இருக்கற சாமியும் உன்னைக் காப்பாத்தட்டும், எல்லைக்கணக்கெல்லாம் பாக்காம காப்பாத்தட்டும்.

இப்படிக்கு,
உன்மேல கோவமாவும் உன்னை நெனச்சுக்கிட்டும் இருக்கற
அம்மா பாவாயி

கவரை ஒட்டறதுக்கு முந்தி உங்கப்பா வந்து பக்கத்துல உக்காந்தாரு. அவன் பேரை அங்க சொன்னதுக்குக் கோவிச்சுக்குவானான்னு கேட்டாரு. கோவிச்சுக்கத்தான் செய்வான்னு சொன்னேன். கவரை வாங்கித் திருப்பிப் பாத்துட்டு, கோவிச்சுக்கிட்டு வையறதுக்காச்சும் வரட்டும்னு எழுதுன்னாரு.